தியாகலிங்கம் கடவுளை மறுத்த கிழமை

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, கோட்-டெ-நெய்ஜ் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருடம் நோயாளிக் கட்டில் தள்ளி ஓய்வுபெற்ற தியாகலிங்கத்துக்கு இப்போது கடவுளைக் காப்பதுதான் வேலை. பிள்ளையார் கோயிலின் முகநூல் பக்கம் அவர் பொறுப்பில் இருந்தது. பூசை நேரலையில் போகும்போது கீழே வந்து விழும் கேள்விகளுக்குத் திருப்பிக் கொடுப்பதை அவர் ஒரு தொண்டாகவே செய்துவந்தார்.

எதிராளி நாகசுப்பிரமணியன். அதே நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வசிக்கும் சென்னைக்காரர், பேராசிரியர். கடவுள் இல்லை என்பதைத் தினமும் காலை ஆறு மணிக்கு, எந்த ஐயரையும் வெட்கப்படவைக்கும் ஒழுங்கோடு அறிவிப்பார்.

“கல்லு மேல பால் ஊத்துறீங்களே சார், கல்லு கேட்டுச்சா?”

“உங்கட யுனிவர்சிற்றிப் புல்லு கேட்டோ தண்ணி விடுறியள்?” என்று தியாகலிங்கம் எழுதுவார்.

உடனே முந்நூறு பேர் இறங்குவார்கள். ஒருவர் திருநீற்றின் விஞ்ஞானம் சொல்வார், ஒருவர் நாசாவைச் சாட்சிக்கு அழைப்பார், இன்னொருவர் பேராசிரியரின் தாயாரை விசாரிப்பார். ஆறு வருடத்தில் ஒருவர் மனமும் மாறவில்லை. மாற்றிக்கொள்ளும் எண்ணத்தோடு யாரும் அங்கே வரவுமில்லை.

இந்த வருடத் திருவிழாவின் மூன்றாம் நாள், திங்கட்கிழமை, பிள்ளையாருக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்து பார்த்தீர்களா என்று பேராசிரியர் கேட்டார். தனக்கும் சர்க்கரை என்பதால் தியாகலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. ஆளை முகநூல் பக்கத்திலிருந்து ஒரேயடியாகத் தடுத்துவிட்டார்.

மறுநாள் நேரலையைப் பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். அடியார்கள் இவ்வளவு காலமும் எதைத் தரிசிக்க வந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

திருவிழாவில் ஒவ்வொரு நாள் பூசையும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். இரண்டாம் நாள் உபயகாரர் அருமைராசாவுக்குத் தொள்ளாயிரத்து நாற்பது பேர். அதை அவர் சந்தித்தவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை, தியாகலிங்கத்துடையது. யாழ்ப்பாணத்தில் அக்கா புஷ்பவதி போனைத் திறந்துவைத்துக்கொண்டு பார்ப்பார். நாற்பத்தொரு பேரை வைத்துக்கொண்டு அக்காவுக்கு எப்படி முகம் காட்டுவது?

தடையை நீக்கிப் பேராசிரியருக்குத் தனியாக எழுதினார். “ஐயா, பழையபடி வாங்கோ. பக்கம் செத்துப்போச்சு.”

“மன்னிக்கணும் சார். டொரண்டோ கோயில் பக்கம் ஒண்ணு கிடைச்சிருக்கு. அங்க நல்லாத் திட்டுறாங்க.”

புதன்கிழமை காலை தியாகலிங்கமே ‘கேள்விச்செல்வன்’ என்ற பெயரில் புதுக் கணக்குத் திறந்தார். படத்துக்கு, பஸ் தரிப்பில் எடுத்த ஓர் அணில். முதலில் எழுதியவை எடுபடவில்லை. மனைவி நல்லம்மா எட்டிப் பார்த்தார்.

“இதென்னப்பா, கடவுள் இல்லையெண்டிட்டு ஒவ்வொரு வரியிலயும் ‘பெருமான்’ எண்டு எழுதியிருக்கிறியள். கொஞ்சம் சுட எழுதுங்கோ.”

சுடுகிற மாதிரி அவரிடம் ஒன்றுதான் இருந்தது. எழுதினார்:

“ரெண்டு பேர். ஒரே நாள் அகதி விசாரணை. ரெண்டு பேரும் நேர்த்தி வைச்சது ஒரே பிள்ளையாருக்கு. ஒருத்தனை இருக்கச் சொன்னாங்கள், மற்றவனைத் திருப்பி அனுப்பினாங்கள். தீர்ப்பு ஆரின்ரை? நீதவான்ரை எண்டால் நேர்த்தி எதுக்கு? பிள்ளையாற்றை எண்டால் மற்றவன் செய்த பிழை என்ன?”

அது அவருடைய கதை. திருப்பி அனுப்பப்பட்டவர் அக்காவின் கணவர்.

பக்கம் பற்றிக்கொண்டது. “கர்மா” என்றார்கள். “மனசோட நேர்ந்திருக்க மாட்டான்” என்றார்கள். “நல்ல லோயர் பிடிச்சிருக்க வேணும்” என்று ஒரு பக்தர் எழுதியதற்கு எழுபது பேர் விருப்பம் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசையில் ஐயர் நட்சத்திரம் கேட்க, தியாகலிங்கம் தட்டத்தோடு நின்றார். வேட்டி மடிப்புக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆயிரத்து நூற்றெழுபது பேர். அருமைராசா பிரசாதத்தை எடுத்துக்கொண்டு நேரத்தோடே போய்விட்டார்.

பூசை முடிந்த கையோடு அக்கா அழைத்தார்.

“பாத்தனான் தம்பி. வடிவாச் செய்திருக்கிறாய்.”

“எத்தினை பேர் பாத்தது தெரியுமே அக்கா?”

“அது கிடக்கட்டும். உந்தக் கேள்விச்செல்வன் ஆர்?”

“ஆரோ விசரன்.”

“விசரன் மாதிரித் தெரியேல்லை. நானூறு பேர் எழுதியிருக்கினம், ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. நீ சொல்லுவாயெண்டு நேற்று முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தனான்.”

“அக்கா, அது வந்து…”

“உனக்குக் கிடைச்சதுக்கு நன்றியா இருபத்தெட்டு வருசம் வெள்ளி விரதம் பிடிச்சனான். இவருக்குக் கிடைக்காததை ஒருநாளும் கேக்கேல்லை. கேக்கலாமெண்டே தெரியேல்லை.”

கணக்குத் திறந்தது தான்தான் என்று சொல்லலாம். சொன்னால் கேள்வி இல்லாமல் போய்விடுமா? ஆறு வருடம் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காதவர், கோயில் வாகனத் தரிப்பிடத்தில் கார்களுக்கு இடையே போனோடு நடந்தார்.

“இண்டைக்கு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளைமீன் வாங்கிக் காய்ச்சினனான்” என்றார் புஷ்பவதி. “அத்தான் ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டவர். நீ ஆறுதலா ஒரு பதில் யோசிச்சுப்போட்டுப் போன் எடு, தம்பி.”