வேஸ்ட்டுப் பஞ்சு

1. சாம்பல்

குழியில் சாம்பல் குறைவாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸர். புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவேன். அவிழ்த்த கட்டையும் பஞ்சையும் பின்பக்கக் குழியில் போட்டு எரிக்க வைப்பதும் என் பொறுப்பு. எரிக்கும் வேலைக்கு மாரியம்மாள் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் நூல்மில்லில் இருந்தவள்.

"பஞ்செல்லாம் எங்கம்மா?"

"நீங்க சொன்னபடி வேஸ்ட்டுப் பஞ்சைத் தனியா மூட்டை கட்டிட்டேன்யா. நேத்து மெத்தைக்கடை செல்லையா அண்ணன்கிட்டக் குடுத்தாச்சு."

குழியை விட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"அது சீழ் தொடச்ச பஞ்சும்மா! அறிவிருக்கா?"

"ரத்தம் பட்டதக் குழியில போட்டுட்டேன். வெள்ளையா இருந்ததத்தான் வெயில்ல நல்லாக் காயவச்சுக் குடுத்தேன். மில்லுல வேஸ்ட்டுன்னா மெத்தைக்கடைக்குத்தானய்யா போகும்?"

மேலே திட்ட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். ஈரக் கழிவோடு சேர்ந்தால் பஞ்சு எரியாது. அதனால் "வேஸ்ட்டுப் பஞ்சைத் தனியா எடுத்து வை" என்று அவள் வேலைக்கு வந்த முதல் நாள் சொன்னவன் நான்தான். எரிப்பதற்கு என்று சொல்லவில்லை. நூல் ஓடுகிற ஊரில் வேஸ்ட்டு என்றால் விலை போகும் சரக்கு. அது எனக்குத் தெரியாததா? வாய் இருக்கிறது, புத்தி இல்லை, அவ்வளவுதான்.

2. பிள்ளை மெத்தை

சைக்கிளை மிதித்துக்கொண்டு மெத்தைக்கடைக்கு ஓடினேன்.

"காலைலதான் அதுல பிள்ளை மெத்தை ஒண்ணு தச்சுக் குடுத்தேன்" என்றார் செல்லையா. "பாளையம்பட்டி மளிகைக்கடைக்காரர் மக செல்வி பெத்திருக்குல்ல, அவுகளுக்கு."

மீதிப் பஞ்சைத் தொட வேண்டாம் என்று கத்திவிட்டு பாளையம்பட்டிக்கு மிதித்தேன். பிள்ளைக்கு ஐந்து நாள். தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. அந்த மெத்தையில்தான் கிடந்தது.

உண்மையைச் சொல்லப் பயந்து, மெத்தையில் ஏதோ பூச்சி இருக்கிறது, எரிக்க வேண்டும் என்று உளறினேன்.

"பிள்ளை படுத்த மெத்தைய எரிக்கணுமா? வெளங்குமாய்யா?" என்றார் மளிகைக்காரர். "தாய்மாமன் ஆசையா வாங்கியாந்தது. போயிட்டு வாரும்."

வாசல்வரை வந்துவிட்டேன். உள்ளே பிள்ளை அழுதது. திரும்பினேன்.

"அய்யா, அது ஆஸ்பத்திரியில புண்ணு தொடச்ச பஞ்சு. தப்பு என்னுது."

மளிகைக்காரர் கையை ஓங்கினார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குள் செல்வி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மெத்தையைக் காலால் முற்றத்துக்குத் தள்ளினாள்.

"எரிங்க. இப்பவே எரிங்க."

3. ஒரு வாரம்

நான் நடந்ததைச் சொன்னதும் டாக்டர் அன்றே பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்; கடையிலிருந்த மீதிப் பஞ்சையும் வரவழைத்துக் குழியில் எரிக்க வைத்தார். மறுநாள் தொப்புளைச் சுற்றிச் சிவந்திருந்தது. பென்சிலின் ஊசி ஆரம்பித்தார். அந்தத் தொப்புளைத் துடைக்கிற வேலையும் எனக்குத்தான். எத்தனையோ அழுகிய கால்களைக் கழுவியவன், விரல் அகலம்கூட இல்லாத அந்த இடத்தை மூன்று முறை கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன். மாரியம்மாளோ அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டர் அவளை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார். தனியாக வைக்கச் சொன்னவன் நான், நிறுத்துவதென்றால் என்னை நிறுத்துங்கள் என்றேன். முறைத்தாரே தவிர, யாரையும் நிறுத்தவில்லை.

ஒரு வாரத்தில் சிவப்பு அடங்கிக் கொடி காய்ந்து விழுந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது செல்வி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்ணே, அந்த மூட்டையில எம் பிள்ளை மெத்தை மட்டுந்தான் தச்சாகளா?"

எனக்குத் தெரியாது. செல்லையாவிடம் நான் அதைக் கேட்கவே இல்லை.

மறுபடி மெத்தைக்கடைக்கு ஓடினேன்.

"நீங்க வாரதுக்கு முன்னாடியே ரெண்டு தலகாணியும் தச்சேன்" என்றார் செல்லையா. "பரளச்சிப் பக்கத்து ஆளு ஒருத்தர் அன்னைக்கே வாங்கிட்டுப் போயிட்டாரு. பேரு தெரியலையே."

இரண்டு நாள் லீவு போட்டு, பஸ்ஸில் போய்ப் பரளச்சியிலும் சுற்றுப்பட்டியிலும் வீடு வீடாகக் கேட்டேன். தலகாணி தேடி வந்த பைத்தியம் என்று சிரித்தார்கள். கிடைக்கவில்லை. யார் வீட்டில், யார் தலைக்கடியில் இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரி வேலைக்கு வருகிற பிள்ளைகளே, தவறு நடந்தால் கண்ணுக்குத் தெரிந்த ஆளைக் காப்பாற்றியதோடு மூச்சு விட்டுவிடாதீர்கள். வேறு எங்கெல்லாம் போனது என்று அந்த நிமிடமே கேளுங்கள். நான் ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். அதுவும் பிள்ளை பெற்றவள் கேட்ட பிறகு.