கித்தாக் காட்டில் ஒரு மகால்

கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் தைத்திருந்த வெல்வெட் துணிக்கு ஒரு நாற்றம் உண்டு. பூஞ்சையும் சுருட்டுப் புகையும் கலந்த நாற்றம். மூக்கை அதில் அழுத்தி, இரண்டு கண்ணாடி வழியாகவும் உற்றுப் பார்த்தால், கம்பியில் செருகிய அட்டையில் இருந்த கட்டடம் திடீரென்று உப்பி எழுந்து எதிரே நிற்கும். மலாயாவில், கூலாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் என் தகப்பனார் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் ‘டிரசர்’ வேலை பார்த்தார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் அந்தக் கருவியையும் நாற்பது அட்டைகளையும் அவரிடம் விட்டுப்போனார். அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும். தோட்டத்தில் எல்லோரும் ‘பயாஸ்கோப்பு’ என்றே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் ‘லயம்’ என்ற வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்கள் ஆஸ்பத்திரியின் பின்புறப் படிக்கட்டில் வந்து உட்காருவார்கள். பத்து வயதுப் பெண்ணான நான் அட்டையின் பின்னால் இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்து, புரியாததைத் தாண்டிக் குதித்து, புரிந்ததைப் பெருக்கிச் சொல்வேன். எகிப்துக் கூம்புகளும் பாரிஸின் இரும்புக் கோபுரமும் சீனத்து மதிலும் அப்படித்தான் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. இத்தாலியின் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு, “தூக்குக்குண்டு புடிக்காமக் கட்டுனா இப்படித்தான்” என்றார் சின்னக்கண்ணு. ரோமாபுரியின் வட்ட அரங்கத்தைப் பார்த்த அங்கம்மாள், “இம்புட்டும் கட்டிட்டுக் கூரை போட மறந்துட்டாங்களே” என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

சின்னக்கண்ணு காலையில் கித்தா என்கிற ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர். மதுரைப் பக்கத்தில் கொத்தனாராக இருந்தவர். அவர் மனைவி பேச்சி முந்தின மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு என் தகப்பனாரின் ஆஸ்பத்திரியில்தான் இறந்தாள். கித்தா மரங்களுக்கிடையே அவளைப் புதைத்த மேட்டைச் சுற்றி அவர் ஆற்றுக் கற்களை அடுக்கி வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. பயாஸ்கோப்பு பார்க்க மட்டும் தவறாமல் வந்தார்.

அந்த வருஷம், ஒழுகும் அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழே நனைந்துகொண்டிருந்த மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக்கொள்ளப் புதுத் துரை அனுமதி கொடுத்து, ரப்பர் காயவைக்கும் புகைக்கூடம் கட்டி மிஞ்சிய செங்கல்லையும் சிமெண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கட்டும் பொறுப்பு சின்னக்கண்ணுவிடம் வந்தது. அவருக்குச் சுவர் எழுப்பத் தெரியும். கோபுரமும் பொம்மைகளும் செய்யத் தெரியாது. மூன்று ஞாயிறு அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வெள்ளைவெளேரென்று, வட்டக் கூரையோடு, தண்ணீரில் நிழல் விழ நின்ற கட்டடம்.

“பாப்பா, இது என்னா?”

பின்பக்கத்தில் ‘தாஜ்மகால்’ என்று வாசித்தேன். அதற்கடுத்து நீளமான ஒரு சொல் இருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “மகால். ராணிக்காக ராஜா கட்டின அரண்மனை” என்றேன்.

“எங்க மதுரையிலயும் நாயக்கர் மகாலு இருக்கு,” என்று அவர் முகம் மலர்ந்தது. “ஆத்தாளும் ராணிதான? இதையே கட்டிப்புடுவோம்.”

நான்கு சுவர் எழுப்பி, உள்ளே மண்ணைப் பானை வயிறு போலக் குவித்து, அதன்மேல் செங்கல்லை வட்டமாக அடுக்கிப் பூசினார்கள். பால் வெட்டி முடித்துவிட்டுப் பெண்கள் கூடை கூடையாக மண் சுமந்தார்கள். பூச்சு காய்ந்ததும் அந்த மண்ணை வாசல் வழியாக வெட்டி எடுக்க வேண்டும். கூரை நிற்குமோ, விழுமோ என்று யாருக்கும் தெரியாது. “எல்லாரும் தள்ளி நில்லுங்க,” என்று சொல்லிவிட்டு, சின்னக்கண்ணு மட்டும் மண்வெட்டியோடு உள்ளே போனார். மத்தியானம் முழுவதும் நாங்கள் வெளியே நின்றோம். கடைசியில் தலைமயிரெல்லாம் மண்ணாக அவர் வெளியே வந்தபோது, கூரை நின்றது.

ஆனால் அதற்குள் ரப்பர் விலை விழுந்திருந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துப் பட்டியலைக் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் ‘பெரட்டில்’ வாசித்தபோது சின்னக்கண்ணுவின் பெயரும் இருந்தது. அவர் சுண்ணாம்பு நீற்றப் போய்விட்டார்.

பெக்கோக் பக்கத்துத் தோட்டமொன்றில் காய்ச்சல் பரவியதால் இரண்டு மாதமாக அங்கே போயிருந்த என் தகப்பனார், அம்மனை உள்ளே வைப்பதற்கு முந்தின நாள் திரும்பினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். புதுக் கோயிலைச் சுற்றி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பிள்ளை, இது தாஜ்மகாலெல்லே? ஆர் இதைப் பார்த்துக் கட்டச் சொன்னது?”

நான் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“அது அரண்மனையில்லை, பிள்ளை. சமாதி. ஒரு ராசா தன்ரை பெண்சாதி செத்தாப்பிறகு அவளைப் புதைச்சுக் கட்டினது.” கோயிலை இன்னொரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “சனத்துக்குத் தெரியாமல் விடக்கூடாது. நீதான் சொன்னனீ, நீயே போய்ச் சொல்லு” என்றார்.

கோயில் வரை இருநூறு அடி நடந்திருப்பேன். அவ்வளவு தூரம் பிறகு எந்தத் தெருவும் எனக்கு நீண்டதில்லை. சின்னக்கண்ணு ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். கீழே நின்றபடி, அழுதுகொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாத சொல்லைத் தாண்டிப் போனதையும் சொன்னேன்.

அவர் இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

“பொண்டாட்டிக்கா கட்டுனான்?”

“ஆமா.”

“எத்தனை வருசம் ஆச்சாம்?”

“இருபது வருஷத்துக்கு மேலேன்னு அப்பா சொன்னாரு.”

“நான் ரெண்டே மாசத்துல முடிச்சுட்டேன்,” என்றார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விஷயத்தை அவரே எல்லோரிடமும் சொன்னார். கங்காணி கொதித்துப் போனார். “சுடுகாட்டுக் கட்டடத்துலயா ஆத்தாளை வைக்கிறது? இடிங்கய்யா அத!”

“இடிச்சா அப்புறம் யாரு கட்டுவா?” என்று கேட்டாள் அங்கம்மாள். “கட்டுனவரு வியாழக்கெழமை போறாரு.”

அன்றுதான் சின்னக்கண்ணு அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டேன். “ஆத்தா சுடுகாட்டுக்குப் பயந்தவளா? அம்மை கண்டு செத்த புள்ளைகள எல்லாம் அவதான மடியில வாங்கிக்கிட்டா. பொண்டாட்டி மேல வச்ச ஆசையில ஒருத்தன் கட்டுன கட்டடம் இது. அந்த ஆசை ஆத்தாளுக்கு ஆகாதுன்னு நெனச்சா இடிச்சுப்புடுங்க. கடப்பாரைய நானே எடுத்துத் தர்றேன்.”

கங்காணி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “உச்சியில ஒரு கலசம் வையி. கலசம் இருந்தாத்தான் கோயிலு,” என்றார் கடைசியில். அங்கம்மாள் ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பை எடுத்து வந்து கொடுத்தாள். அதைச் சிமெண்டில் பதித்தார்கள். மறுநாள் மாரியம்மன் உள்ளே போனாள்.

வியாழக்கிழமை காலை லாரி வருமுன் சின்னக்கண்ணுவைக் காணோம் என்று தேடினார்கள். மிஞ்சிய சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சியின் மேட்டுக் கற்களுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாராம். கை கழுவக்கூட நேரமில்லாமல் லாரியில் ஏறினார். கூலாய் ஸ்டேஷனுக்குப் போகும் செம்மண் சாலையில், லாரி திரும்பும் வரை, அந்த வெள்ளைக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கித்தா மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் வெட்டித் தொழிற்சாலை கட்டினார்கள். கோயிலைப் பெருஞ்சாலை ஓரத்துக்கு மாற்றி, தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியை வரவழைத்து, ஐந்து நிலைக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். அழகான கோபுரம், குறை சொல்ல மாட்டேன். பழைய வட்டக் கூரையை இயந்திரம் இடித்த அன்று நானும் போயிருந்தேன். ஒரு காலைப் பொழுது முழுக்க அது விழ மறுத்தது.

வாசலில் கொடையாளர் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதல் கோயிலைக் கட்டியவர் பெயரையும் சேர்க்கலாமே என்று கோயில் குழுவிலிருக்கும் ஒரு தம்பியிடம் கேட்டேன். நல்ல பிள்ளை. “சேர்த்துடலாம் பாட்டி. அவரு அப்பா பேரு, சொந்த ஊரு என்னன்னு சொல்லுங்க,” என்று பேனாவை எடுத்தான்.

எனக்குத் தெரியவில்லை. மதுரைப் பக்கம் என்றேன். மதுரைப் பக்கத்தில் எத்தனை சின்னக்கண்ணுகள்!

“வெறும் பேரு மட்டும் போட்டா யாருக்குத் தெரியும் பாட்டி?” என்றான்.

“பேரை மட்டும் போடப்பா,” என்றேன். “ஆத்தாளுக்குத் தெரியும்.”