பொலித்தீன் சுற்றிய பெட்டி

இத்தாலியில், கால்சாப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் நிலத்தட்டு வீட்டில், மண்ணிலிருந்து ரேடன் வாயு வருகிறதா என்று அளக்க வீட்டுக்காரர் ஒரு கறுப்புப் பெட்டி தந்தார். மணமில்லாத வாயு, நுரையீரலில் புற்றுநோயை வரவழைக்கும். பெட்டி மூன்று மாதம் அலுமாரியின் மேல் இருக்க வேண்டும்.

"எண்ணெய்ப் புகை பட்டுப் பிசுபிசுத்தால் அந்தாள் எங்களை என்ன நினைக்கும்?" என்றாள் மனைவி. ரீவி ரிமோட்டுக்குச் சுற்றுவதுபோல அதற்கும் நாலு சுற்றுப் பொலித்தீன் சுற்றி ஒட்டினாள். "ஓம், அதுதான் சரி" என்றேன்.

மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே பொலித்தீனை உரித்து எங்கள் குப்பைவாளியில் போட்டுவிட்டு, பெட்டியைச் சோதனைக்கு அனுப்பினார். எங்கள் வீட்டில் வாயு குறைவாம். ஒரே சுவருக்கு அப்பால், இன்னொரு பெட்டி வைத்திருந்த அவருடைய அலுவலகத்தில் மிக அதிகமாம்.

அங்கே தரையைத் துளைத்துக் குழாயும் விசிறியும் பூட்ட வந்த வேலையாளிடம், எங்கள் பெட்டிக்குப் பொலித்தீன் சுற்றியிருந்ததைச் சொல்லி, எங்கள் பக்கம் மட்டும் ஏன் குறைவு என்று கேட்டேன். "மூடிக் கட்டினால் பெட்டிக்குள் வாயு எப்படிப் போகும்?" என்றார் அவர்.

வீட்டுக்காரரிடம் ஓடினேன். "உங்கள் பக்கமும் செய்தால் ஆயிரக்கணக்கில் யூரோ போகும். தாளில் குறைவு என்றுதானே இருக்கிறது?" என்றார்.

தூ! அவரை நினைத்தால் மட்டுமா குமட்டுகிறது? பொலித்தீனை உரித்தபோது "எவ்வளவு சுத்தமான ஆட்கள்!" என்று அவர் புகழ்ந்தார். பல்லைக் காட்டிக்கொண்டு "கிராத்சியே, சிஞ்ஞோரே" என்று நன்றி சொன்னவன் நான்.