சிடியில் ஒட்டிய பொட்டு

என் கணவர் துபாயிலிருந்து ஐந்து சிடி போடும் பிளேயர் கொண்டுவந்திருந்தார். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே சுழன்று வரும். பந்தல்குடியில் எங்கள் தெருவே வந்து வாய்பிளந்து பார்த்தது.

அவர் திரும்பிப் போனபின், மகள் செல்விக்காகத் தன் குரலை ஒரு சிடியில் பதிவு செய்து அனுப்பினார். எது எந்த சிடி என்று அடையாளம் தெரிய, ஒவ்வொரு சிடியிலும் நடுத் துளையை ஒட்டி ஒவ்வொரு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், அவர் குரல் பாதியில் நின்றது. உள்ளே டக் டக்கென்று சத்தம். தட்டு வெளியே வரவில்லை. செல்வி அழுதாள். நான் பதறிப்போய்க் கத்தியால் நெம்பப் போனேன்.

"மதினி, கத்தியை விடுங்க! கீறிட்டா அண்ணன் குரலே போயிரும்" என்று நாத்தனார் கையைப் பிடித்தாள்.

பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினோம். வெயிலில் பசை இளகி, சிடியை அழுத்திப் பிடிக்கும் வில்லையோடு பொட்டு ஒட்டியிருந்தது. மெல்லப் பிரித்தெடுத்தோம். கீழே பருப்பளவு கண்ணாடி மினுங்கியது. "அதுதான் சிடியைப் படிக்கிற லென்ஸ், தொட்டுராதீங்க" என்றாள் நாத்தனார்.

"இதுவா அவுக பேச்சைப் படிக்குது?" எனக்குப் புல்லரித்தது.

சிடியில் இருந்த பசையைத் துடைத்து, மூடியை மாட்டிப் போட்டதும், "செல்வி, அப்பா பேசுறேன் தாயி" என்று குரல் வந்தது. அவள் "அப்பா" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் சிடியில் எதையும் ஒட்டுவதில்லை. பெயரை உறையில் எழுதுகிறேன். கையைக் கழுவி, ஓரத்தை மட்டும் பிடித்து எடுக்கிறேன். கடல் தாண்டி இருக்கும் ஒரு மனிதரின் குரல் அல்லவா அதில் இருக்கிறது!