கலர் பிரிக்கிற மெசினும் குல்சார் பேகமும்

குல்சார் பேகத்துக்கு ஒன்பது கருப்பு தெரியும். இந்தத் திறமையை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவளுடைய கணவர் நஜீமுதீன் முப்பது வருஷமாக பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அவருக்குக் கருப்பு என்றால் கருப்பு, நீலம் என்றால் நீலம். ஒரு பெருநாளைக்கு அவர் ஆசையாக வாங்கிவந்த சேலையைப் பார்த்து, "இது கத்திரிப்பூவுங்க, நான் கேட்டது கத்திரிக்காய்" என்று அவள் சொன்னதிலிருந்து மனிதர் சேலைக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. பிறகு அவளே போய் கத்திரிக்காய்க் கலரில் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

பல்லடம் ரோட்டை ஒட்டி இருக்கிறது தனபாலின் வேஸ்ட் குடோன். கம்பெனிகளில் துணி வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். கலர்வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் மில்லில் அதை மறுபடி பஞ்சாக்கி நூலாக்குவார்கள். புதிதாகச் சாயம் போட வேண்டியதில்லை. ஆனால் வெள்ளை மூட்டையில் ஒரு சிவப்புத் துண்டு கலந்துவிட்டால் நூல் முழுக்க ரோஸ் புள்ளி விழும்; மில்காரர் போனில் தனபாலின் பரம்பரையையே இழுப்பார். அதனால் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வட்டத்துக்கு நடுவில் குல்சார் பேகம்.

கலர்களுக்கு அவள் வைத்த பெயர்களே குடோனில் சட்டம். ஆஸ்பத்திரிப் பச்சை, டியூப்லைட் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, போலீஸ் காக்கி, ரிட்டயர்டு போலீஸ் காக்கி. 'சம்பந்தி சிரிப்பு' என்று ஒரு மஞ்சள் உண்டு. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், தண்ணீரில் போட்டால் வெளுத்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு வாரம் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் குடோனுக்கு அறிவு வந்து சேர்ந்தது. வெள்ளைக் காரில் வந்தது.

இறங்கியவர் பேராசிரியர் அருள்செல்வன். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அறிவுப் பரிமாற்ற மையத்தின் இயக்குநர். ஆராய்ச்சிக்கூடத்தில் தேங்கிக் கிடக்கும் அறிவைத் தொழிற்சாலைகளில் கொண்டுபோய் இறக்குவது அந்த மையத்தின் வேலை. நாலு வருஷத்தில் அது பதினோரு ஒப்பந்தங்களையும் பதினோரு குரூப் போட்டோக்களையும் கணக்கில்லாத பொன்னாடைகளையும் இறக்கியிருந்தது. வேறெதுவும் இறங்கியதாகத் தகவல் இல்லை.

கூட வந்தவள் சித்ராதேவி. அப்போதே ஆறு வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். ஓடுகிற பெல்ட்டில் துணித்துண்டுகளைப் போட்டால் கேமரா பார்த்து, கலர் பிரித்து, தனித்தனிப் பெட்டியில் தள்ளும் மெசின்தான் அவளுடைய ஆராய்ச்சி. மெசினுக்கு இன்னும் கலர் தெரியாது என்பது அதிலிருந்த சின்னக் குறை.

"உங்க அனுபவ அறிவையும் கொஞ்சம் எடுத்துக்கறோம்மா" என்றார் பேராசிரியர், பக்கத்து வீட்டில் ஒரு சிட்டிகை உப்புக் கேட்பதுபோல.

அந்த ஒரு சிட்டிகையை எடுக்க எட்டு மாதம் ஆனது. சித்ராதேவி தினமும் பஸ் பிடித்து வந்தாள். குல்சார் பேகம் துண்டைத் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்ல, அவள் போட்டோ எடுத்து எழுதிக்கொண்டாள். ரிட்டயர்டு போலீஸ் காக்கிக்கு ஆராய்ச்சி நோட்டில் என்ன நம்பர் போடுவது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க விழித்தாள். மத்தியானம் குல்சார் பேகத்தின் டிபன் பாக்ஸில் பங்கு போட்டுச் சாப்பிட்டாள். நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கே வந்து பிரியாணி சாப்பிட்டு, நஜீமுதீனிடம் கருப்பில் ஒன்பது வகை இருப்பதை விளக்கிவிட்டுப் போனாள். மனிதர் நொந்துபோனார்.

இடையில் ஒரு பெரிய சிக்கல் வந்தது. காலையில் சரியாகப் பிரிக்கிற மெசின் சாயங்காலம் நீலத்தைக் கருப்பென்றது. சித்ராதேவி இரண்டு மாதம் கம்ப்யூட்டருக்குள்ளேயே தலையை விட்டுத் தேடினாள். குல்சார் பேகம்தான் கடைசியில் கேட்டாள்.

"வெளிச்சம் மாறுனா கலரும் மாறுமல்ல கண்ணு? நாங்களே அஞ்சு மணிக்கு மேல நீலத்தத் தொட மாட்டமுங்க. அந்தக் கேமராவ ஒரு பொட்டிக்குள்ள வெச்சு, உள்ளயே ஒரு லைட்டப் போட்டு மூடிரு. அதுக்கு எந்நேரமும் ஒரே பகலா இருக்கட்டும்."

ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, உள்ளே கருப்படித்து, லைட் போட்டு மூடினார்கள். அன்றிலிருந்து மெசின் பத்துக்கு ஏழையாவது சரியாகப் பிரித்தது. காப்புரிமை விண்ணப்பத்தில் அந்தப் பெட்டி 'கட்டுப்படுத்தப்பட்ட ஒளிச்சூழல்' என்ற பெயரில் ஏறியது. கண்டுபிடித்தவர்: பேராசிரியர் அருள்செல்வன். வெறும் வண்டியோடு லோடு இறக்க வந்தவர்கள், லோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். இதற்கும் அறிவுப் பரிமாற்றம் என்றுதான் பெயர்.

மெசினை ஓட்டிக் காட்டும் விழாவுக்குப் பதினைந்து நாள் முன்னால் தனபால் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினார். கொங்கு நாட்டில் கழுத்தை அறுப்பதானாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள்.

"நானொண்ணும் ஆரையும் போகச் சொல்லுலீங்க. மெசினு விழாவுல நல்லா ஓடுச்சுன்னா வாங்கிப் போடலாம்னு இருக்கறனுங்க. அப்பறம் பாத்துக்கலாங்க."

பன்னிரண்டு பேருக்கும் புரிந்தது. மெசின் ஓடினால் ஐந்து பேர் போதும். குல்சார் பேகம் இருப்பாள், மெசினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. போகிற ஏழு பேரில் முதல் ஆள் சாமியாத்தாள். ஐம்பத்தெட்டு வயது, பொங்கலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள், இனி வேறு எந்தக் கம்பெனி அவளைக் கேட்டுக்குள் விடும்? ஆனாலும் யாரும் சித்ராதேவியைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவளும் சம்பளமில்லாமல் ஏழு வருஷமாக அலைகிறவள் என்று அவர்களுக்குத் தெரியும்.

விழா நாள் வந்தது. குடோன் வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா பந்தல், நூற்றைம்பது நாற்காலி, மேடை. 'ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு' என்று பெரிய பேனர். மேடைக்குப் பக்கத்தில் பந்தலுக்குக் கீழே மெசின். குல்சார் பேகம் கத்திரிக்காய்ச் சேலை கட்டி, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். வந்ததும் மெசினைப் பார்த்தாள். கேமராவின் பெட்டியைக் காணோம்.

"பொட்டி எங்கீங்க?"

"சீஃப் கெஸ்ட் பார்க்கணும்மா. கேமரா, ஒயர் எல்லாம் வெளியில தெரிஞ்சாத்தான் ஒரு டெக்னாலஜி லுக் இருக்கும். அந்தப் பெட்டி மூடியக் கழட்டி டிபார்ட்மெண்ட்லயே வெச்சுட்டு வந்துட்டோம்" என்றார் பேராசிரியர்.

"சாரு, மேல பந்தலு சிவப்பா இருக்குதுங்க. வெள்ளையெல்லாம் ரோஸாத் தெரியுமுங்க."

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்மா."

கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. சித்ராதேவி ஓட்டிப் பார்த்தபோது வெள்ளையெல்லாம் ரோஸ் பெட்டிக்கும், ஆஸ்பத்திரிப் பச்சை கருப்புப் பெட்டிக்கும் போய் விழுந்தன. பந்தலைப் பிரிக்கலாம் என்றால் மேடையும் அதே கம்பங்களில் நின்றது. மூடியை எடுத்துவர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் அவினாசியைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.

பேராசிரியர் சித்ராதேவியைப் பார்த்தார். "இது ஓடலேன்னா உன் தீசிஸ் இந்த வருஷமும் இல்லம்மா" என்றார். சித்ராதேவி குல்சார் பேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"அக்கா, நீங்க பேனருக்குப் பின்னால உக்காந்து பிரிச்சுப் போட்டிருவீங்களா? பத்தே நிமிஷம். தள்ளுற பலகையை நான் ஆஃப் பண்ணிர்றேன்."

பெல்ட்டின் கடைசி முனை பேனருக்குப் பின்னால் மறைந்திருந்தது. பேனருக்குக் கீழே ஆறு பெட்டிகளின் வாய் மட்டும் கூட்டத்துக்குத் தெரியும். குல்சார் பேகம் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஏழு பேரின் நினைப்பு வரவில்லை. அந்தப் பெண்ணின் அழுகையைப் பார்க்க முடியவில்லை. அதைவிட, தப்பான பெட்டியில் துணி விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு ஆகவே ஆகாது. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் அது.

விருந்தினர் பத்தரைக்கு வந்தார். குத்துவிளக்கு, வரவேற்பு, பொன்னாடை எல்லாம் முடிந்து மெசினை ஓட்டியபோது பத்தே முக்கால் தாண்டிவிட்டது. கேமரா விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. பேனருக்குப் பின்னால் குல்சார் பேகத்தின் இரண்டு கையும் பறந்தன. வெள்ளை வெள்ளையில், கருப்பு கருப்பில். ஒரு துண்டு பிசகவில்லை. கூட்டம் கைதட்டியது. விருந்தினர் குனிந்து பெட்டிகளைப் பார்த்து, "மார்வெலஸ்" என்றார்.

"துல்லியம் தொண்ணூற்றேழு சதவீதம்!" என்று மைக்கில் முழங்கினார் பேராசிரியர். "இனி இந்தத் தொழிலுக்கு மனிதக் கைகளே தேவையில்லை."

குல்சார் பேகத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்த மனிதக் கைகள் நாலடி தள்ளி வியர்த்துக்கொண்டிருந்தன. அடுத்து மைக் தனபாலிடம் போனது.

"இந்த மெசின நம்ம குடோனுக்கு எடுத்துக்கறமுங்க. ஒண்ணாந்தேதியில இருந்து அஞ்சு பேரு போதுமுங்க. மத்தவங்களுக்கு நம்ம நன்றியத் தெரிவிச்சுக்கறனுங்க."

பேனரின் ஓட்டை வழியாகப் பார்த்தாள். கடைசி வரிசையில் சாமியாத்தாள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவளும் மெதுவாகக் கைதட்டினாள். சாமியாத்தாளை மெசின் வெளியே தள்ளவில்லை, தன் கைதான் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று குல்சார் பேகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. துணி வந்துகொண்டே இருந்தது.

அப்போது ரோட்டில் மூன்று முறை ஹாரன் அடித்தது. மொபட்டில் டீ கேனைக் கட்டிக்கொண்டு சுப்பண்ணன் வந்துவிட்டார். மணி பதினொன்று.

திருப்பூரில் கரண்ட் நின்றாலும் வேலை ஓடும். பதினோரு மணி டீ வந்தால் ஓடாது. அந்த ஹாரனுக்கு எழுந்திருக்காத கையை இந்த ஊர் பார்த்ததில்லை. லோடை முடித்துவிட்டுக் குடிக்கலாமே என்று தனபால் ஒரு தடவை கேட்டிருக்கிறார். "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு பேரும் டீக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை.

குல்சார் பேகம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சேலையை உதறினாள். பேனருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, மேடையைக் கடந்து, சுப்பண்ணனிடம் போனாள்.

மெசின் ஓடிக்கொண்டேயிருந்தது. சிவப்பு, கருப்பு, காக்கி, சம்பந்தி சிரிப்பு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, பெல்ட் முனைக்கு நேர் கீழே 'வெள்ளை' என்று எழுதியிருந்த முதல் பெட்டியில் போய்ச் சொரிந்தன. பெட்டி நிறைந்து தரையிலும் விழுந்தது. விருந்தினர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது என்ன?" என்றார்.

பேராசிரியர் அசரவில்லை. "தொண்ணூற்றேழு சதவீதம்னு சொன்னேனே சார். மீதி மூணு சதவீதம் இது."

டீ கிளாஸோடு நின்றிருந்த குல்சார் பேகம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை; மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அந்த மூணு பர்சன்ட்டு நானுங்க. டீ குடிக்க வந்துட்டனுங்க."

கடைசி வரிசையிலிருந்து சாமியாத்தாளின் சிரிப்பு கிளம்பியது. தனபால் பேனரைத் தள்ளிப் பார்த்தார். அங்கே இருந்த முக்காலியைப் பார்த்தார். மனிதர் வியாபாரி, புரிந்துகொள்ள நேரமாகவில்லை.

"ஏனுங் சார், மெசினையும் வாங்கி, அதுக்குப் பின்னால உக்கார ஆளும் நானே போடோணுமுங்களா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

விருந்தினருக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது. சித்ராதேவி மேடையிலிருந்து இறங்கி நேராக டீ கேனுக்கு வந்தாள். குல்சார் பேகம் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தாள்.

"உம்பட படிப்பக் கெடுத்துப்போட்டனா கண்ணு?"

"ஏழு வருஷமா அதுவே கெட்டுத்தானக்கா கெடக்குது" என்று சொல்லி, சித்ராதேவி ஒரு டீயை வாங்கிக் குடித்தாள். அடுத்த மாதம் மூடியைத் திரும்ப மாட்டி, பத்துக்கு ஏழு என்று உள்ளதை உள்ளபடி தீசிஸில் எழுத ஆரம்பித்தாள். அதற்குப் பேராசிரியர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஒன்றாம் தேதி பன்னிரண்டு பேரும் வேலைக்கு வந்தார்கள். சாமியாத்தாள் வழக்கம்போல முதல் பஸ்ஸில் வந்தாள்.

ஆறு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை வழவழ காகிதத்தில் வெளிவந்தது. சித்ராதேவி ஒரு பிரதியைக் கொண்டுவந்து தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். அதில் கையில் டீ கிளாஸோடு குல்சார் பேகத்தின் போட்டோ, பாதிப் பக்கத்துக்கு. கீழே இருந்ததைச் சாமியாத்தாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்:

"துல்லியம் தொண்ணூற்றேழு சதவீதம். புதிய தொழில்நுட்பத்தால் வேலைச்சுமை குறைந்து, தேநீர் அருந்த நேரம் கிடைத்த மகிழ்ச்சியில் பயனாளி ஒருவர்."

குல்சார் பேகத்துக்குக் கோபம் பொங்கியது. பேர்கூடப் போடவில்லையே என்று எல்லோரும் ஆளாளுக்குத் திட்டினார்கள். அவள் அந்தப் பக்கத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"பேரு கெடக்குது உடு கண்ணு. எம்பட சீலையப் பாரு. கத்திரிக்காயக் கத்திரிப்பூவா அச்சடிச்சு வெச்சிருக்கறாங்க. இதுக்கும் பின்னால ஆளு உக்காருல போலிருக்குது."