குருவி மார்க் பாசி

என் மச்சாள் புனிதவதியைப் போல எச்சிலுக்குப் பயந்த ஒரு பிறவியை நான் இந்த ரொறன்ரோவில் வேறெங்கும் காணவில்லை. மச்சாள் என்றால் என் அண்ணை செல்வரட்ணத்தின் மனைவி. மில்லிக்கனில் அவர்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்றில்தான் நான் இருந்தேன். அண்ணை பாவம், இரண்டு வேலை. வீட்டை ஆண்டது புனிதவதி. பெற்றவர்கள் ஏதோ ஆசையில் வைத்த பெயரை அவள் ஒரு உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பாள். வேலைத்தலத்தில் எல்லாரும் ஒரே குழாயில் குனிந்து குடிக்கிறார்கள் என்று வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோவாள். பிறந்தநாள் வீடுகளில் அவள் செய்யும் கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பிள்ளைகள் மெழுகுதிரியை ஊதி அணைத்த கேக்கை அவள் தொடவே மாட்டாள். "துப்பின கேக்" என்பாள். ஊதுவதற்கு முன்னமே மூலையில் ஒரு துண்டை வெட்டித் தனக்கென்று எடுத்து வைத்துவிடுவாள். சொந்த மகனின் பிறந்தநாளிலும் அப்படித்தான். ஒரு மூலை இல்லாத கேக்குகளோடுதான் கிருபனின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் இருக்கின்றன.

இதையெல்லாம் சுத்தம் என்று நான் மன்னித்திருப்பேன். மன்னிக்க முடியாதது அந்தக் கடதாசிக் கப்.

வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் புனிதவதி முதலில் இரண்டு கேள்வி கேட்பாள். "ஊரில எந்தப் பக்கம்?" என்பது ஒன்று. "உங்களுக்கு எந்தக் கோயில்?" என்பது மற்றது. பதிலைக் கேட்டுக்கொண்டே குசினிக்குள் போவாள். பதில் அவளுக்குப் பிடித்தால் பூப்போட்ட கோப்பை வரும். கடற்கரைப் பக்கத்து ஊர் என்றாலோ, கோயிலுக்குப் பதிலாகத் தேவாலயம் என்றாலோ, ஃபிரிட்ஜுக்கு மேல் அடுக்கி வைத்திருக்கும் கடதாசிக் கப்பில் ஒன்று இறங்கும். ஊரில் சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்த புத்தி, பிளேன் ஏறி வந்து கடதாசிக் கப்பாக மாறியிருந்தது. "கனடாவில எல்லாரும் உதிலதானே குடிக்கினம், கழுவிற வேலையும் இல்லை" என்று சிரித்துக்கொண்டே நீட்டுவாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் ஊரில் அவள் வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் மீன்தலையை உறிஞ்சி எடுத்தவள்தான். இங்கே வந்து, கோயில் நிர்வாகத்தில் இருக்கும் தில்லையம்பலத்தாரின் மனைவியோடு பழக்கம் பிடித்த பிறகு திடீரென்று சுத்த சைவம் ஆகிவிட்டாள். மாத்திரையின் மேல் ஓட்டில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதா என்று டொக்டரிடமே கேட்கிற அளவுக்குச் சைவம்.

இப்படிப்பட்டவள்தான் குருவிக்கூட்டைத் தின்றாள்.

அது தொண்ணூற்றைந்தில் தொடங்கியது. அவளுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் கறுப்புப் படை விழுந்திருந்தது. கோயிலில் யாரோ ஒருத்தி, "என்ன அக்கா, நல்லாக் களைச்சுப் போனீங்கள்" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் தவம். அவளோடு பக்கத்து மேசையில் வேலை செய்தவள் ஹொங்கொங்கிலிருந்து வந்த லிண்டா. புனிதவதியைவிட வயது கூட, முகமோ பளிங்கு. ரகசியம் என்ன என்று இவள் கேட்டிருக்கிறாள். லிண்டா அவளை ஸ்ரீல்ஸ் ரோட்டில் இருந்த சீனக் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய், பறக்கிற குருவியின் படம் போட்ட ஒரு பெட்டியைக் காட்டி, "பேர்ட் நெஸ்ற், வெரி குட், ஸ்கின்" என்று தன் கன்னத்தைத் தட்டிக் காட்டியிருக்கிறாள்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழையை மச்சாள் விட்டாள். எங்கள் ஊரில் சாமானுக்குப் பெயர் கிடையாது, மார்க்தான். ஆனை மார்க், மயில் மார்க், கப்பல் மார்க். படத்துக்கும் உள்ளே இருக்கிற சாமானுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. அவள் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்த பால்மா ரின்னிலும் குருவிக்கூட்டுப் படம் இருந்தது. அதற்குள் கூடா கிடந்தது? ஆகவே பேர்ட் நெஸ்ற் என்பது மார்க்கின் பெயர் என்று முடிவுகட்டிவிட்டாள். பெட்டியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாய், நாராய், மணம் குணம் இல்லாத ஏதோ ஒன்று. ஊறப்போட்டால் உப்பி வழவழத்தது. கடற்பாசி என்று அடித்துச் சொல்லிவிட்டாள். "வெஜிற்றேரியன்?" என்று கடைக்காரனிடம் கேட்டாளாம். அவன், "நோ மீற், நோ மீற்" என்றானாம். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

விலையைச் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும். அண்ணையின் இரண்டாவது வேலை யாருக்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, இடியப்பப் பானையில் ஒரு கிண்ணத்தை வைத்துக் கற்கண்டு போட்டு ஆவியில் அவிப்பாள். வெறும் வயிற்றில் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். கந்தசஷ்டி விரதத்தின்போது சோறு இல்லை, பழம் இல்லை. தண்ணீரும் இந்தப் "பாசி"யும்தான். கோயிலில் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டாள். தில்லையம்பலத்தாரின் மனைவிக்கும் ஒரு போத்தல் அவித்துக் கொடுத்தாள். எனக்கு ஒரு கரண்டி தந்ததில்லை. முகம் மினுங்கத்தான் செய்தது. அது கூட்டால் வந்ததோ, கர்வத்தால் வந்ததோ, நான் அறியேன்.

இந்த நிலையில்தான் கிருபன் வாயைத் திறந்தான். மார்க்கம் நகரில் ஒரு கொம்பியூட்டர் ஒஃபிசில் வேலை அவனுக்கு. தாயின் குணம் ஒரு துளியும் ஒட்டாத பிள்ளை. கூடப் படித்த வேரோனிக்காவைக் கட்டப்போகிறேன் என்றான். வேரோனிக்காவின் குடும்பம் கடற்கரைப் பக்கத்துப் பாசையூர், தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர். ஊர்ப்பெயரைக் கேட்டதும் புனிதவதியின் பார்வை ஃபிரிட்ஜின் மேல் போனதை நான் என் கண்ணால் கண்டேன்.

அழுகை, பட்டினி, நெஞ்சு வலி எல்லாம் நடந்தது. கிருபன் அசையவில்லை. பெண்ணின் தகப்பன் அமிர்தநாதரிடமும் போய்ப் பேசிவிட்டு வந்தான். அந்த மனிசன் சீதனம் பேசவில்லை, மதம் மாறச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, உம்மட அம்மா ஒருக்கா எங்கட வீட்டுக்கு வந்து, எங்கட கையால ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும். அது காணும், வேற ஒண்டும் வேண்டாம். குடிக்காத வீட்டுக்கு என்ர பிள்ளையை நான் அனுப்பமாட்டன்." தன் இளவயதில் எத்தனை வாசலில் நின்று எந்தெந்தப் பாத்திரத்தில் வாங்கிக் குடித்தாரோ, ஒரு கோப்பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று அந்த மனிசனுக்குத் தெரிந்திருந்தது.

கிருபன் தாயிடம் கெஞ்சினான். "ஒரு தேத்தண்ணி அம்மா. ஜஸ்ற் வன் கப். வேற ஒண்டும் கேக்கேல்லை." கடைசியில், வருகிறேன் என்றாள். குடிக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் போனோம். அண்ணை, புனிதவதி, கிருபன், நான். சின்ன டவுன்ஹவுஸ், துடைத்து வைத்ததுபோல இருந்தது. பெண்ணின் தாய் அன்ரனெற் வடையைக் கடைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். "எங்கட சட்டியில மீன் பட்டிருக்கும் எண்டு நினைப்பியள் எண்டுதான் சைவக்கடையில வாங்கினனான்" என்றாள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. வேரோனிக்கா தேநீர் கொண்டுவந்தாள். பொன் விளிம்பு போட்ட கோப்பைகள். நான் எடுத்துக் குடித்தேன். நல்ல சாயம், அளவான சீனி. அண்ணையும் குடித்தார். புனிதவதியின் கோப்பை மேசையிலேயே இருந்தது.

"எடுங்கோ அக்கா, ஆறப்போகுது" என்றாள் அன்ரனெற்.

"நான் விரதம்."

"ஞாயிற்றுக்கிழமை என்ன விரதம் அம்மா?" என்றான் கிருபன்.

"விரதம் எண்டில்லை. சின்னனில இருந்தே எனக்கு எச்சில் எண்டால் வயித்தைப் பிரட்டும். ஆரும் வாய் வைச்ச பாத்திரத்தில நான் தொடுறேல்லை."

"புதுக் கோப்பை அக்கா. நேற்றுத்தான் வாங்கினது. ஒருத்தரும் இன்னும் வாய் வைக்கேல்லை."

புனிதவதி கோப்பையைத் தொடவில்லை. அமிர்தநாதர் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றவேண்டும் என்று அன்ரனெற் தவித்தது தெரிந்தது. நல்ல மனிசி. சண்டைக்கு வழி தேடுகிறவள் அல்ல.

"அக்காவை நான் கண்டிருக்கிறன். ஸ்ரீல்ஸில அந்தச் சீனக் கடையில மீன் பக்கம்தான் எனக்கு வேலை. நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவியள், அதாலை என்னைக் கண்டிருக்கமாட்டியள். என்ன வடிவாய் இருக்குது முகம்!"

புகழ்ச்சி என்றதும் புனிதவதி நிமிர்ந்தாள். "அது சீனக் கடற்பாசி. தினம் குடிக்கிறனான். சுத்த சைவம்."

"பாசியோ? இல்லை அக்கா, நீங்கள் வாங்கிறது குருவிக்கூடு."

"அது மார்க்கின்ர பேர்."

"மார்க் இல்லை அக்கா, கூடேதான். மலைக்குகையில இருக்கிற ஒரு குருவி. அதுக்குக் கூடு கட்டச் சுள்ளி தேவையில்லையாம், தன்ர துப்பலாலேயே கட்டுமாம். அதைப் புடுங்கி, இறகைச் சாவணத்தால எடுத்துப்போட்டுத்தான் பெட்டியில போடுறது. எச்சில்தான், ஆனால் நல்ல சத்தாம். எங்கட முதலாளி அம்மாவும் அதுதான் குடிக்கிறவ."

வஞ்சகம் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னாள். வேரோனிக்கா குனிந்து கார்ப்பெற்றைப் பார்த்தாள். நான் வாய்க்குள் இருந்த வடையை விழுங்கவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் தவித்தேன். புனிதவதி எழும்பி வாஷ்றூமுக்கு ஓடினாள். அவள் ஓங்காளித்ததும், வாய் கொப்பளித்ததும், திரும்பவும் கொப்பளித்ததும் ஹோல் முழுக்கக் கேட்டது. எச்சிலே படாமல் வளர்ந்த வாயைப் பாசையூர்க்காரர் வீட்டுக் குழாய்த் தண்ணீரால் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

கிருபன் ஏளனம் செய்யவில்லை. நானாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன். அவன் கோப்பையை எடுத்துத் தாயிடம் நீட்டினான். "அம்மா, இவ்வளவு நாளும் குருவியின்ர எச்சிலைக் குடிச்சிருக்கிறீங்கள். உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை. இது வெறும் தேத்தண்ணி. ப்ளீஸ்."

புனிதவதி கோப்பையைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்தாள். "எழும்புங்கோ, போவம்" என்றாள் அண்ணையிடம்.

கிருபன் நின்ற நிலையிலேயே அந்தத் தேநீரைக் குடித்தான். ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "அங்கிள், அம்மான்ர கப்பை நான் குடிச்சிட்டன்" என்றான். அமிர்தநாதர் எழும்பி வந்து அவனுடைய தோளைப் பிடித்தார். "அது காணும் தம்பி" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. புனிதவதி வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை மேலே போனேன். வெட்கத்தில் படுத்திருப்பாள், ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று, புத்தி கெட்ட எனக்கு ஒரு எண்ணம். அடுப்பில் இடியப்பப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கிண்ணம். கற்கண்டு போத்தல் பக்கத்தில்.

"மச்சாள், என்ன எண்டு தெரிஞ்ச பிறகுமோ?"

"ரெண்டு பெட்டி கிடக்கு, எறியச் சொல்லுறியோ?" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குருவிதானே சந்திரா. தானும் தன்ரபாடும் எண்டு மலையில இருக்கிற சீவன். அது கண்ட கண்ட ஆக்களின்ர வீட்டில வாய் வைச்சுத் திரியேல்லையே."

அதற்குமேல் நான் அவளோடு வாதாடவில்லை. மலத்தை மிதித்தவன் காலைக் கழுவலாம், அதையே சந்தனம் என்று பூசிக்கொள்கிறவளை என்ன செய்வது? தில்லையம்பலத்தாரின் மனைவிக்கு மட்டும் அவள் எதையும் சொல்லவில்லை. அந்த அம்மாவும் தொடர்ந்து வாங்கிக் குடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கலியாணம் அடுத்த கோடையில் அவர்களுடைய தேவாலயத்தில் நடந்தது. அண்ணை பிந்தி வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்து அழுதுவிட்டுப் போனார். புனிதவதி வரவில்லை. கிருபன் வாசலை அடிக்கடி திரும்பிப் பார்த்தான். ஃபாதர் கூப்பிடும் வரைக்கும் பார்த்தான். கேக் வெட்டும்போது ஒரு மூலையைத் தனியே வெட்டிக் கடதாசித் தட்டில் வைத்தான். யாருக்கென்று வேரோனிக்கா கேட்கவில்லை. மண்டபம் காலியான பிறகும் அது மேசையில் அப்படியே இருந்தது.

நான் வெளிக்கிடும்போது அன்ரனெற் ஒரு பெட்டியை என் கையில் தந்தாள். குருவிப் படம் போட்ட அதே பெட்டி. "அக்காவுக்குக் குடுங்கோ. அண்டைக்கு நான் வாயை வைச்சிருக்கக் கூடாது. அவவின்ர மனம் நொந்திருக்கும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் குசினி மேசையில் வைத்தேன். யார் தந்தது என்றும் சொன்னேன். மகன் எப்படி இருந்தான், என்ன உடுத்தான், தன்னைத் தேடினானா என்று ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்றிருந்தேன். அவள் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவை ஒருத்தரும் இதைத் திறக்கேல்லைத்தானே?" என்று கேட்டுக்கொண்டே இடியப்பப் பானையை எடுத்தாள்.