உளைவெண்டு சொல்லியனுப்பின நாள்

மறுகா கேளு புள்ள, முன்வீட்டு மருமகள வயித்துக்குத்தெண்டு ஆசுபத்திரிக்கிக் கொண்டு போனாங்கல்லவா, அங்க ஊசி போடுற மிஸ்ஸி கேட்டாவாம், ஒண்டுல இருந்து பத்துக்குள்ள நோவு எத்தினையெண்டு. இவள் ஏழெண்டாளாம். ஏழெண்டா என்னகா? குத்தா, உளைவா, கடுப்பா? ஏழெண்டு எங்கயாவது நோகுமா?

எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியா. நோவக் கேளு, பொழுதுபடக் கதைப்பன். சின்னதுல குர்ஆன் ஓதப்பள்ளிக்கிப் போகாம இருக்கக் கள்ளம் பண்ணிப் படிச்ச படிப்பு அது. காலு உளையுதெண்டா உம்மா எண்ணெயத் தடவிட்டு, ஓடு எண்டுருவா. வயிறு கடுக்குதெண்டா மல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சித் தருவா, குடிச்சிட்டுப் போகத்தான் வேணும். விலாவுல குத்துதெண்டாத்தான் பள்ளி லெவ்வையிட்ட தண்ணி ஓதி வாங்கித் தந்து, பாயில படுக்க வெப்பா. அதால எனக்கு எப்பயும் குத்துதான்.

அப்ப எனக்கு எட்டு வயசிருக்கும். உம்மாக்கு வயித்துல புள்ள. எனக்குப் பொறகு ரெண்டு புள்ள பொறந்து தங்கல்ல, அதால வீட்டுல எல்லாருக்கும் பயம். வாப்பா வெள்ளாமை வெட்ட நாவிதன்வெளி வயல்வட்டைக்கிப் போயிட்டார். காலத்தால உம்மா என்னக் கூப்பிட்டு, "இடுப்பு கொஞ்சம் உளையுதெண்டு மருத்துவிச்சி மாமிக்கிட்டச் சொல்லிட்டு வா மகள்" எண்டா. சிரிச்சிட்டுத்தான் சொன்னா.

நான் போகக்குள்ள மாமி அரிசி புடைச்சிட்டு இருந்தா. சொன்னன். தலையத் தூக்கல்ல.

"உளைவெண்டா எண்ணெயத் தடவிட்டுப் படுக்கச் சொல்லு. பின்னேரம் அசறு தொழுதிட்டு வாறன்."

எனக்குச் சரியான வெக்கமாப் போயிட்டு. இவ்வளவு தூரம் ஓடி வந்தது எண்ணெய்க்கா? "கடுப்பும் இருக்கி மாமி" எண்டன்.

"மல்லித்தண்ணி குடிக்கச் சொல்லு."

"குத்தும் இருக்கி."

சுளகு நிண்டிச்சி. "எங்கடி குத்துது?"

"முதுகுல தொடங்கி முன்னுக்கு வருது." பொண்டுகள் கதைக்கக்குள்ள கேட்டு வெச்சிருந்தன்.

"விட்டு விட்டா?"

"ஓம் மாமி, விட்டு விட்டு. இப்ப விடுறதுமில்ல."

மாமி அரிசியப் போட்ட இடத்துலயே போட்டுட்டு, முக்காட்ட இழுத்துட்டு நடந்தா பாரு, எனக்குப் பின்னால ஓட ஏலாமப் போயிட்டு. பொய்யெண்டு தெரிஞ்சா ரெண்டு பேரும் சேந்து வெளுத்துருவாங்களே.

போனா, உம்மா வீட்டுக் கப்புத் தூணக் கட்டிப் புடிச்சிட்டு, சீலைத் தலைப்பக் கடிச்சிட்டு நிக்கா. மாமி என்ன வெளிய தள்ளிக் கதவச் சாத்தினா. மத்தியானம் லுஹருக்கு வாங்கு சொல்ல முந்தி தம்பி பொறந்துட்டான். தொப்புள்கொடி கழுத்துல ரெண்டு சுத்தாம். அசறுக்கு வந்திருந்தா புள்ளட மையித்தத்தான் கண்டிருப்பன் எண்டு மாமி சொன்னா. "உன்ட மகள் நல்லா விவரமா வந்து சொன்னா புள்ள."

உம்மா என்னப் பாத்தா. கையப் புடிச்சிப் பக்கத்துல இருத்தினா, அவ்வளவுதான்.

நான் கனகாலம் பெருமையா நினைச்சிட்டுத் திரிஞ்சன், என்ட பொய்யாலதான் தம்பி இருக்கான் எண்டு. நான் சோடிச்சிச் சொன்ன அத்தினையையும் உம்மா விடிய வெள்ளாப்புல இருந்து தாங்கிட்டு நிண்டிருக்கா எண்டும், நான் பயந்து அழுதிட்டு ஓடப்படாதெண்டுதான் உளைவெண்டு சின்னதாச் சொல்லியனுப்பினா எண்டும், ரெண்டாவது புள்ளைக்கு எனக்கு நோவு வந்து, என்ட மூத்தவளுக்கு முன்னால நான் சிரிச்சிட்டு நிண்ட நேரந்தான்கா வெளங்கிச்சி.

இரு புள்ள, காயப் போட்ட நெல்லுல கோழி ஏறிட்டு. அந்தக் கம்ப எடு.